உடல் வீடு வந்து சேர, பயணம் போகும் முன்பே செய்ய வேண்டியவை

திருகோணமலையில் நடந்த கிளைக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை



இன்றைக்கு நாங்கள் சம்பளத்தைப் பற்றியோ காணியைப் பற்றியோ பேச வரவில்லை. யாரும் பேச விரும்பாத ஒன்றைப் பேச வந்திருக்கிறோம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன நம்முடைய ஒருவர் அங்கேயே இறந்துவிட்டால், அவருடைய உடலை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதுதான் விஷயம். "நல்ல நாளும் அதுவுமா இதைப் பேசணுமா" என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் மகளைக் கட்டுநாயக்காவில் ஏற்றிவிட்டு வந்த தாய்மார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குத் திருகோணமலையில் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு இங்கே கூலி வேலைக்கும், வயல் வேலைக்கும், துறைமுகத்துப் பக்க வேலைகளுக்கும் போனவர்கள் நாம். நம் சொந்தங்கள் இன்னும் ஹட்டனிலும் பதுளையிலும் லயத்தில் இருக்கிறார்கள். அங்கேயிருந்தும் இங்கேயிருந்தும் நம் பெண்கள் ஒரே விமானத்தில்தான் சவூதிக்கும் குவைத்துக்கும் ஓமானுக்கும் போகிறார்கள். ஆகவே இந்தப் பேச்சு இரண்டு இடத்துக்கும் பொதுவானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உடலைக் கொண்டுவரும் வேலை சாவுச் செய்தி வந்த பிறகு தொடங்குவது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்த வேலையில் பாதி, அந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கடவுச்சீட்டில் சரியான பெயரும் சரியான வயதும், பணியகத்தில் பதிவு, வீட்டில் ஒரு ஒப்பந்தப் பிரதி. இவை இருந்தால் நாட்களில் முடிகிற காரியம், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இழுபடும்.

மூதூர் இங்கிருந்து வளைகுடாவுக்கு அந்தப் பக்கம்தான். அந்த ஊர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2005 மே மாதம் அவர் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனார். பிறப்புப் பதிவின்படி 1988 பெப்ரவரியில் பிறந்தவர். அப்படியென்றால் போகும்போது வயது 17. ஆனால் கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. 23 வயதுப் பெண்ணாகக் காட்டித்தான் அனுப்பினார்கள். போய்ச் சில வாரங்களிலேயே அவர் பார்த்துக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்று அவர் சொன்னார். கொலை என்று வழக்குப் போட்டார்கள். 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனையை நிறைவேற்றினார்கள்.

உலகத்தின் பல பக்கத்திலிருந்தும் அவருக்காகக் கேட்டார்கள். குழந்தை இறந்தபோது அவரே ஒரு சிறுமி என்பதுதான் அவர் பக்கத்தில் இருந்த பெரிய நியாயம். அந்த நியாயத்துக்கு எதிராக நின்றது ஒரு பொய்த் திகதி. அதை எழுதியது அந்தப் பிள்ளை இல்லை. ஆள் பிடித்து அனுப்பிக் காசு பார்ப்பவர்கள் எழுதுகிற திகதி அது. அவருடைய உடல் மூதூருக்கு வரவேயில்லை. சவூதி மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பெற்ற தாய்க்குப் பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு, சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குறைந்த வயதை இலங்கை அரசு 25 ஆக உயர்த்தியது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது அதை 21 ஆகக் குறைத்தார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நாட்டிலிருந்து வேலைக்காக வெளியேறினார்கள். நம் தோட்டங்களில் 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபா. 2024இல் 1,350 ரூபா. அரிசி, பருப்பு, மா விலை உங்களுக்குத் தெரியும். "ஏன் போகிறாய்" என்று எந்தப் பிள்ளையையும் நாங்கள் கேட்க மாட்டோம். போகிற பிள்ளை உயிரோடு திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் சங்கம். அது முடியாமல் போனால், குறைந்தது உடலாவது மரியாதையோடு வீட்டுக்கு வர வேண்டும்.

நம் முன்னோர் கதையையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த மரத்தடியில் கிடக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஊரிலே காத்திருந்த தாய்க்கு ஒரு கடுதாசி கூடப் போகவில்லை.

இப்போது நிலாவெளி வீதியில் இருக்கிற யுத்த மயானத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த வெளிநாட்டுப் படையினரும் கடற்படையினரும் அங்கே கிடக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இறந்த படையினரின் உடலை ஊருக்கு எடுத்துப் போவதில்லை என்பது அந்தப் படைகளின் முடிவு. ஆனாலும் புல் வெட்டி, கல்லில் பெயர் வெட்டி, பதிவேட்டில் எழுதி இன்றைக்கும் பராமரிக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து ஒரு பேரப்பிள்ளை வந்து கேட்டால் எந்த வரிசை, எந்தக் கல் என்று காட்ட முடியும். 80 வருடத்துக்கு முன் இறந்த சிப்பாய்க்கு இருக்கிற அந்தக் கணக்கு, போன மாதம் வளைகுடாவில் இறந்த நம் பிள்ளைக்கு இல்லை என்றால் அதை நாம் ஏற்கலாமா?

சரி, சாவு நடந்தால் என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறோம்.

முதலில், இறந்த நாட்டின் வைத்தியசாலையும் பொலிஸும் அதைப் பதிவு செய்ய வேண்டும். இயற்கைச் சாவா, விபத்தா, தற்கொலையா, கொலையா என்று அவர்கள் முடிவெடுக்கும் வரை உடல் பிரேத அறையில் இருக்கும். பொலிஸ் விசாரணை இருந்தால் அது முடியும்வரை உடலை விட மாட்டார்கள். பிறகு அந்த நாட்டு மரணச் சான்றிதழ் வேண்டும். இலங்கைத் தூதரகம் ஆட்சேபனை இல்லை என்று கடிதம் கொடுக்க வேண்டும். உடலைப் பதப்படுத்திய சான்றிதழும், பெட்டி அடைத்து முத்திரையிட்ட சான்றிதழும் வேண்டும். இவையெல்லாம் சேர்ந்த பிறகுதான் விமானத்தில் சரக்குப் பகுதியில் ஏற்றுவார்கள்.

இன்னொரு பக்கம், தூதரகம் கொழும்பிலுள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு அறிவிக்கும். அங்கிருந்து செய்தி குடும்பத்துக்கு வர வேண்டும். நம் ஆட்களுக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்துக் கந்தோருக்கு வந்த கடிதம் அங்கேயே கிடந்து பழுத்த கதை உங்களுக்குப் புதிதல்ல. இங்கே குடியேறியவர்கள் பலருக்கும் அடையாள அட்டையில் இன்னும் பழைய தோட்டத்து விலாசம்தான் இருக்கிறது. செய்தி ஹட்டனுக்குப் போகும், தாய் திருகோணமலையில் இருப்பார். பல குடும்பங்களுக்கு முதல் செய்தி அரசாங்கத்திடமிருந்து வருவதில்லை. கூட வேலை செய்கிற பிள்ளை வட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு குரல் பதிவுதான் முதல் செய்தி.

அப்படிச் செய்தி வந்தால் அழுதுகொண்டே காத்திருக்காதீர்கள். அன்றைக்கே தொடங்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு விடயத்தைப் பார்க்கிற உத்தியோகத்தர் இருப்பார். அவரிடம் போங்கள். வெளிவிவகார அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, கண்டியிலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே போய்க் கேளுங்கள். போகும்போது சங்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். நாலு பேராகப் போனால் உட்காரச் சொல்லுவார்கள்.

அங்கே உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, நீங்கள் இறந்தவருக்கு என்ன உறவு என்பதற்கான ஆதாரம். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அடையாள அட்டை, இறந்தவரின் கடவுச்சீட்டுப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். இரண்டு, உங்கள் விருப்பம். உடலைக் கொண்டுவர வேண்டுமா, அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதமா என்று எழுத்தில் கேட்பார்கள்.

முதலாவதிலேயே நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, கடவுச்சீட்டில் மூன்றாவது எழுத்து. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதும்போது இராசம்மா ரசாமாவாகிவிடுவார். தகப்பன் பெயர் எங்கேயோ காணாமல் போயிருக்கும். சேர்ந்து வாழ்ந்து மூன்று பிள்ளை பெற்றிருப்பார்கள், திருமணப் பதிவு இருக்காது. அப்போது கணவன் கணவன் இல்லை. யாருக்கு உரிமை என்ற சண்டை உடல் பிரேத அறையில் கிடக்கும்போதே தொடங்கும். இறந்த பிறகு பெயரைத் திருத்த ஓடுவதும், சத்தியக்கடதாசி முடிக்க ஓடுவதும் எவ்வளவு கொடுமை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறோம், போகும் முன்பே மூன்று பத்திரத்திலும் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பயணத்தை ஒரு மாதம் தள்ளிவைத்தாவது திருத்துங்கள்.

இரண்டாவதைப் பற்றி இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதிப்பது எந்த விதத்திலும் குறைவில்லை. முஸ்லிம் குடும்பங்களில் தாமதிக்காமல், இறந்த மண்ணிலேயே அடக்கம் செய்வதை விரும்புகிறவர்கள் பலர். அது அவர்கள் மார்க்கத்துக்கும் மனதுக்கும் சரியான முடிவு. ஆனால் அந்த முடிவைக் குடும்பமே எடுக்க வேண்டும். "உடலைக் கொண்டுவர நிறையச் செலவு, மாதக் கணக்காகும், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஏஜென்சிக்காரர் நீட்டுகிற தாளில் பயந்துபோய்க் கையெழுத்துப் போடாதீர்கள். தெரியாத மொழியில் இருக்கிற தாளிலும், வெற்றுத் தாளிலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அடக்கம் செய்யச் சம்மதித்தால், எந்த மயானத்தில், என்றைக்கு அடக்கம் செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்துக் குடும்பங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சவூதியில் தகனம் செய்ய இடம் கிடையாது. டுபாய் பக்கம் தகன மேடை உண்டு. ஆகவே சவூதியில் இறந்த பிள்ளைக்கு நெருப்பு வைக்க வேண்டும் என்றால் உடல் இங்கே வந்துதான் ஆக வேண்டும். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடலில் போனவர்களுக்கும் யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்கும் அப்படிச் செய்தவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். பிரேத அறையில் உடல் இருக்கும்போதே, பத்திரம் சரியில்லை என்பதற்காகப் புல்லை எரிக்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது.

அடுத்தது செலவு. இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வேலைக்கு வைத்தவர்தான் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான முறை. சவூதித் தொழிற் சட்டத்தின் 40ஆம் பிரிவு, இறந்த தொழிலாளியின் உடலைத் தயார் செய்து அனுப்பும் செலவு முதலாளியுடையது என்று சொல்கிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு அங்கேயே அடக்கம் செய்தால் மட்டும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு வீட்டுப் பணியாளர்களை அந்தச் சட்டத்துக்கு வெளியே வைக்கிறது. அவர்களுக்குத் தனி விதிகள். நம் பெண்களில் பெரும்பாலானோர் போவது அந்த வேலைக்குத்தான். எனவே பிள்ளை கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தில், இறந்தால் உடலை அனுப்பும் செலவு யாருடையது என்ற வரி இருக்கிறதா என்று போகும் முன்பே பாருங்கள். அந்த ஒப்பந்தத்தின் பிரதி வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளையின் பெட்டிக்குள் இருக்கிற பிரதியால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்ததுதான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். அங்கே பதிவு செய்து போனவருக்குக் காப்புறுதி உண்டு. பதிவு செய்யாமல், சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலைக்கு மாறியவருக்கு அது கிடையாது. "பதிவுக்குக் காசு வீண், விசிட் விசாவில் அனுப்பிவிடுகிறேன், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சப் ஏஜென்ட் சொல்வான். அவன் மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்கிற காசு, சாவு வீட்டில் வட்டிக்கு வாங்குகிற காசாக வந்து நிற்கும்.

ஆனால் பதிவு இல்லாமல் போன பிள்ளையின் குடும்பம் இங்கே இருந்தால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். காப்புறுதி இல்லாமல் போகலாம். குடியுரிமை போகாது. இறந்தவர் இலங்கைப் பிரஜை. தூதரகமும் அமைச்சும் அவர் விஷயத்தைப் பார்க்கத்தான் வேண்டும். "பதிவில்லை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு மேசையில் சொன்னால் அடுத்த மேசைக்குப் போங்கள், எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நமக்குக் குடியுரிமை சும்மா கிடைத்ததா? 1948இல் பறித்ததைத் திரும்பப் பெற எத்தனை வருடம் போராடினோம்! செத்த பிறகும் அந்த உரிமை நமக்கு உண்டு.

உடலைப் போலவே அவருடைய பணமும் வர வேண்டும். பாக்கிச் சம்பளம், சேவைக்காலக் கொடுப்பனவு, விபத்தானால் நட்டஈடு, அவருடைய உடைமைகள், கைத்தொலைபேசி. இவற்றை வாங்க வாரிசுகள் தூதரகத்துக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டியிருக்கும். உடல் வந்து கருமாதி முடிந்ததும் குடும்பங்கள் களைத்துப்போய் விட்டுவிடுகின்றன. விடாதீர்கள். மாதம் ஒரு தடவையாவது கடிதம் போட்டுக் கேளுங்கள். அதோடு, வெளிநாட்டில் நடந்த மரணத்தை 1981ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க கொன்சியூலர் பணிகள் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த அரபு மொழிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டால், நாளைக்கு வங்கிப் புத்தகத்துக்கும் காணிக்கும் பிள்ளைகளின் காரியத்துக்கும் அலைய வேண்டிவரும்.

பெட்டி கட்டுநாயக்காவுக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அங்கே ஒரு முக்கியமான முடிவை எடுக்க வேண்டும். சான்றிதழில் "இயற்கை மரணம்" என்றோ "மாரடைப்பு" என்றோ "தற்கொலை" என்றோ எழுதியிருக்கும். நேற்று வரை நன்றாகப் பேசிய 28 வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தவில்லை என்று உங்கள் மனம் சொன்னால், "அடிக்கிறார்கள், சாப்பாடு தரவில்லை" என்று அவள் முன்பே சொல்லியிருந்தால், இங்கே மறுபடி மரண பரிசோதனை கேட்கலாம். விமான நிலையத்துக்கு வருகிற இப்படியான உடல்களை நீர்கொழும்பு வைத்தியசாலையின் சட்ட வைத்திய அதிகாரிகள் பரிசோதித்திருக்கிறார்கள். ஆனால் அடக்கத்துக்கு முன்பே, எரிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். திருகோணமலைக்கு ஐந்தாறு மணித்தியாலம் வாகனத்தில் கொண்டுவந்து, சொந்தக்காரர் கூடி, தப்பு அடிக்கத் தொடங்கிய பிறகு யாருக்கும் அதைச் சொல்ல வாய் வராது. எரித்துவிட்டால் ஆதாரம் சாம்பல்தான். அதனால் அவள் அனுப்பிய குரல் பதிவுகளையும் படங்களையும் அழிக்காமல் வையுங்கள். பெட்டியை எடுக்கப் போகும் ஆட்களில் ஒருவராவது அழாமல் நின்று தாளை வாசிக்கக் கூடியவராக இருக்கட்டும்.

அரசு மனம் வைத்தால் எவ்வளவு விரைவாக முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். 2024 ஜூன் 12ஆம் திகதி குவைத்தில் மங்காப் என்ற இடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் இந்தியர்கள். ஜூன் 14ஆம் திகதி இந்திய விமானப் படையின் விமானம் அவர்களில் 45 பேரின் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். இரண்டே நாள். அத்தனை பத்திரமும் அத்தனை முத்திரையும் இரண்டு நாளில் முடிந்தது. ஒரே இடத்தில் அத்தனை பேர் இறந்ததால் உலகமே பார்த்தது, அரசும் அசைந்தது. ஒரு வீட்டின் சமையலறையில் ஒரே ஒரு பணிப்பெண் இறந்தால் யார் பார்க்கிறார்கள்? அந்த ஒருத்திக்காகச் சத்தம் போடத்தான் சங்கம் வேண்டும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனம் 1990 டிசம்பர் 18இல் நிறைவேறியது. அதன் 71ஆவது உறுப்புரை, இறந்த தொழிலாளியின் உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்ப அரசுகள் வசதி செய்ய வேண்டும் என்கிறது. இலங்கை 1996இலேயே அதை ஏற்றுக் கையெழுத்திட்டது. நம் பிள்ளைகள் வேலை செய்கிற வளைகுடா நாடுகள் எவையும் அதை ஏற்கவில்லை. ஆள் அனுப்புகிற நாடு கையெழுத்திட்டிருக்கிறது, ஆள் எடுக்கிற நாடு இடவில்லை. அப்படியானால் ஆள் அனுப்பும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அந்த வரியை எழுதி வாங்குவது நம் அரசின் பொறுப்பு. அதோடு, சாவுச் செய்தியைக் கிராம உத்தியோகத்தர் மூலம் தமிழில், நேரில் வந்து சொல்ல வேண்டும், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வறிய குடும்பத்தின் உடலைக் கொண்டுவரும் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பவையும் நம் கோரிக்கைகள்.

அரசு செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் செய்ய வேண்டியதை இன்றே தொடங்குவோம். தோட்டத்தில் மரணாதாரச் சங்கம் நடத்தத் தெரிந்த ஆட்கள் நாம். வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து, பெட்டி, பந்தல், தேத்தண்ணி வரைக்கும் பார்த்துக்கொள்கிறோம். அதே முறையில் ஒவ்வொரு கிளையும் ஒரு பதிவுப் புத்தகம் வைக்கட்டும். வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பணியகப் பதிவு இலக்கம், எந்த நாடு, எந்த நகரம், வீட்டுக்காரர் அல்லது கம்பனியின் பெயரும் தொலைபேசியும், அனுப்பிய ஏஜென்சி, கூட இருக்கிற ஒரு தோழியின் இலக்கம், இங்கே யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பது. ஒப்பந்தத்தையும் கடவுச்சீட்டையும் போட்டோகொப்பி எடுத்து அந்தப் பக்கத்தோடு ஒட்டி வையுங்கள். வீடு மாறினாலும், வேலை மாறினாலும் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்.

புதிதாகப் போக இருக்கிற பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்கிறோம். நீ இறந்தால் உன்னை எங்கே வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. சொல்லக் கூசும்தான். ஆனால் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும் புருஷனும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க மாட்டார்கள்.

இந்தப் புத்தகம் சாவுக்கு மட்டுமல்ல. சம்பளம் கிடைக்காதபோதும், அடிபட்டு வைத்தியசாலையில் கிடக்கும்போதும், தூதரகத்துப் பாதுகாப்பு இல்லத்துக்கு ஓடி வந்தபோதும் இதே இலக்கங்கள்தான் தேவைப்படும். உயிரோடு கொண்டுவரவும் இதுதான் வழி.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டிருக்கிறோம், இரண்டு தோழிகள் எழுத இருப்பார்கள். வெளிநாட்டில் யாராவது இருந்தால் இன்றைக்கே பெயரைக் கொடுங்கள். பத்திரம் கையில் இல்லாதவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பெயர் வித்தியாசம் உள்ளவர்களைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போக ஒரு நாள் குறித்து அறிவிக்கிறோம். மலையகத்தில் உள்ள உறவுகளுக்கும் இந்த இதழைக் கொடுத்து, அவர்கள் தோட்டத்துத் தலைவரிடமும் இப்படி ஒரு புத்தகம் கேட்கச் சொல்லுங்கள்.